எட்டுப் பேரின் பெயரும் எனக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு வீடியோ போடும் யூடியூப் சேனல்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அடுத்த வாரம் அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஏழு கடிதம். ஏழிலும் அம்மா மேல்தான் புகார். பிள்ளையை அதட்டுகிறாள், வீட்டைக் குப்பையாகப் போட்டு வைத்திருக்கிறாள், புருஷனை எல்லார் முன்னாலும் எடுத்தெறிந்து பேசுகிறாள், வளர்ப்பு சரியில்லை. எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு அம்மாவை மாதக்கணக்கில் வாயில் போட்டு மென்றவள்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007-லிருந்து 2011 வரை நாங்கள் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரிஸ்பர்க் பக்கம் குடியிருந்தோம். என் கணவருக்கு ஐ.டி. வேலை. எனக்கு எச்-4 விசா, அதாவது அங்கே வேலை பார்க்கிறவரின் மனைவி என்று கிடைக்கும் விசா; அந்தக் காலத்தில் அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. ஒன்றரை வயது மகன், ஜன்னலுக்கு வெளியே பனி, பகல் முழுக்க டி.வி. அப்படித்தான் ‘ஜான் அண்ட் கேட் பிளஸ் எயிட்’ என்ற ரியாலிட்டி ஷோ, ஒரு நிஜக் குடும்பத்தை வீட்டுக்குள்ளேயே படம் பிடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி, எனக்குப் பழக்கமானது. கோஸ்லின் என்று ஒரு குடும்பம். 2000-ல் இரட்டைப் பெண் குழந்தைகள், அப்புறம் 2004 மே மாதம் ஒரே பிரசவத்தில் ஆறு. ஆக எட்டு. கேட் நர்ஸ் வேலை பார்த்தவர், ஜானுக்கு கம்ப்யூட்டர் வேலை. முதலில் டிஸ்கவரி ஹெல்த் சேனலில் 2007-ல் தொடராக வர ஆரம்பித்து பிறகு டி.எல்.சி.க்குப் போனது. அந்த ஆறு பேரும் பிறந்தது ஹெர்ஷி ஊர் ஆஸ்பத்திரியில், எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். தெருவிளக்கைக்கூட சாக்லேட் மிட்டாய் வடிவத்தில் செய்து வைத்திருக்கும் ஊர் அது. அங்கே போகும்போதெல்லாம் எங்கேயாவது கண்ணில் பட்டுவிடுவார்களோ என்று பார்ப்பேன். ஏதோ சொந்தக்காரர்களைத் தேடுகிற மாதிரி.

சாயங்காலம் அபார்ட்மென்ட் ஊஞ்சல் பக்கம் நாங்கள் ஆறேழு பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு உட்காருவோம். தமிழ், தெலுங்கு, ஒரு பஞ்சாபி அம்மா. பேச்சு சுற்றிச் சுற்றி இந்தக் குடும்பத்துக்கே வரும். கேட் கட்சி, ஜான் கட்சி என்று இரண்டு கட்சி. நான் ஜான் கட்சி. ‘பாவம்டி அந்த மனுஷன், மூச்சு விட்டாலும் தப்பு’ என்பேன். கேட் கட்சிக்காரர்கள், ‘எட்டு வயித்துக்கு மூணு வேளை போடறவளுக்குக் கோவம் வராதா, அவன் சோபாவுல உக்காந்துக்கிட்டு இருக்கான்’ என்பார்கள். கேட்டின் முடிவெட்டைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசியிருக்கிறோம். ஆர்கானிக் சாப்பாடு வாங்குகிறாளாம், அதற்கு மட்டும் காசு எங்கிருந்து வருகிறது என்று பேசியிருக்கிறோம். ஆறு பேரையும் வரிசையாக உட்கார வைத்து டாய்லெட் பழக்குவதைக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த முறை நல்லது, மூன்று நாளில் பழக்க முடியுமா என்று அரை மணி நேரம் விவாதம் செய்தோம். அந்தப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போவார்கள், கூடப் படிக்கிறவன் இதைப் பார்த்திருப்பான் என்று எங்களில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. எங்கள் மடியில் எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அப்போதும் தோன்றவில்லை.

2009 ஜூன் 22-ம் தேதி எபிசோடை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஜானும் கேட்டும் பிரியப் போவதாகச் சொன்ன எபிசோட். ஒரு கோடியே ஆறு லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு வந்தது. எப்போதும் ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்து பேசுகிறவர்கள் அன்றைக்குத் தனித்தனியாக உட்கார்ந்து பேசினார்கள். அதே எபிசோடில் குழந்தைகளுக்குத் தோட்டத்தில் விளையாட்டு வீடுகள் வந்து இறங்கின. வேண்டுமென்றே கோணலாகச் செய்த, கதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி பொம்மை வீடுகள். பிள்ளைகள் உள்ளே ஓடுவதும் வெளியே வருவதுமாக இருக்கிறார்கள், நடுவில் வெட்டி அம்மா அழுகிறாள், மறுபடி பிள்ளைகள், மறுபடி அப்பா. பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள், நாங்கள் இருவரும் மாறி மாறி வந்து பார்த்துக்கொள்வோம் என்று ஏற்பாட்டைச் சொன்னார்கள். நான் அழுதேன், பொய் சொல்லவில்லை. மறுநாள் ஊஞ்சல் பக்கம் யார் தப்பு என்று பேசினோம். அந்த ஆறு பேருக்கும் அப்போது ஐந்து வயது. அப்பா அம்மா பிரிகிற செய்தியில் தாங்கள் வீட்டுக்குள் ஓடி விளையாடும் காட்சியை ஒட்டவைத்து ஊரே பார்த்தது என்பதை அவர்கள் எந்த வயதில், யார் மூலமாகத் தெரிந்துகொண்டிருப்பார்கள்?

அந்த வருஷம் மே மாதமே பென்சில்வேனியா தொழிலாளர் துறை விசாரணையை ஆரம்பித்திருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் இந்தப் படப்பிடிப்புக்குப் பொருந்துமா என்பது கேள்வி. பேப்பரில் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் விளையாடுகிற பிள்ளை எப்படித் தொழிலாளி ஆகும்? இதே வாதத்தைத்தான் அங்கே எல்லாரும் வைத்தார்கள். சினிமாவில் நடிக்கிற குழந்தைக்கு அமெரிக்காவில் 1939-லேயே கலிபோர்னியாவில் சட்டம் வந்துவிட்டது. ஜாக்கி கூகன் என்ற சிறுவன் சாப்ளினோடு நடித்துப் புகழ் பெற்று லட்சக்கணக்கில் சம்பாதித்தான், பெரியவனாகி வந்து கேட்டபோது அம்மாவும் அம்மாவின் இரண்டாவது கணவரும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செலவழித்திருந்தார்கள். அதனால் வந்த சட்டம். ஆனால் ரியாலிட்டி ஷோ குழந்தை நடிக்கவில்லையாம், சும்மா வாழ்கிறதாம். அந்த ஒரு வார்த்தையில் நேரக் கட்டுப்பாடு போச்சு, அனுமதி போச்சு, வங்கிக் கணக்கும் போச்சு. 2010-ல் அந்தத் துறை, இல்லை, இதுவும் வேலைதான், அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று முடிவு சொன்னது, வருமானத்தில் 15 சதவீதம் பிள்ளைகள் பெயரில் போக வேண்டும் என்றும் ஏற்பாடு ஆனது. யார் மேலும் வழக்குப் போடவில்லை. அப்புறம் 2012-ல் மாநிலச் சட்டத்தையே திருத்தி ரியாலிட்டி நிகழ்ச்சிகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதற்குள் அந்த ஆறு பேருக்கு எட்டு வயதாகிவிட்டது.

அவர்களுடைய வீட்டை இப்போது நினைத்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. காலையில் பல் தேய்க்கும்போது கேமராக்காரர் நிற்கிறார். சாப்பிடும்போது நிற்கிறார். தம்பி அடித்தான் என்று அழுதுகொண்டு ஓடினால், எந்த அறைக்கு ஓடுகிறோமோ அங்கேயும் ஒரு விளக்கு எரிகிறது. நம் ஊரில் மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்குக்கூட ஷிஃப்ட் முடிந்தால் வீடு என்று ஒன்று இருக்கிறது. வீடே மில்லாகிப்போனால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? நாங்கள் கேட்டின் குரல் ஏறியதை எண்ணினோம். அத்தனை பேர் நடமாடும் வீட்டில், வெளியிலிருந்து ஆள் வந்து எட்டுப் பிள்ளைகளையும் ஒழுங்காக நிற்க வைக்கச் சொன்னால் யாருக்குக் குரல் ஏறாது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அதற்காகக் கேட் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. கதவைத் திறந்து விட்டதே அவரும் ஜானும்தான். ஜான் 2009 அக்டோபரில்தான் போதும், இனி வீட்டில் படம் பிடிக்கக் கூடாது என்று நிறுத்தினார், சேனல் அவர் மேல் வழக்குப் போட்டது. அப்போதும் எங்கள் ஊஞ்சல் சபையில், தன் பெயரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்த கோபத்தில்தான் இதைச் செய்கிறான் என்று பேசினோம். இருக்கலாம். ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும் அந்த வீட்டுக்குக் கேமரா வருவது கொஞ்ச நாள் நின்றது, அது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நான் அவர்களை மறந்துவிட்டேன். 2014 ஜனவரியில் ஒரு தோழி வீடியோ அனுப்பினாள். கேட் தன் இரட்டைப் பெண்களோடு காலை நிகழ்ச்சி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். பெண்களுக்கு 13 வயது. டி.வி.யில் வளர்ந்ததால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். தொகுப்பாளர் கேட்கிறார், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று. பதில் இல்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள். நீ சொன்னாயே அதைச் சொல்லு, சொல்லு என்று அம்மா தூண்டுகிறார். பதில் இல்லை. தொகுப்பாளருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரலை வேறு. அந்தப் பிள்ளைகளின் உதடு கொஞ்சம் அசைவதும் திரும்ப மூடிக்கொள்வதும் தெரிகிறது. என் தோழி ‘எவ்வளவு திமிர் பாரு, வளர்த்த லட்சணம்’ என்று எழுதியிருந்தாள். நான் அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே கேமரா முன்னால் இருந்த பெண்ணுக்கு வார்த்தை வராதா? அந்தச் சின்ன வயதில், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத இடத்தில் உட்கார வைத்தார்கள், பதின்மூன்று வயதில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி வாயை மூடிக்கொள்வதாக இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. இது என் ஊகம்தான். ஆனால் திமிர் என்ற ஊகத்துக்கும் அதைவிட ஆதாரம் ஒன்றும் இல்லை.

அந்த ஆறு பேரில் ஒரு மகன் சில வருஷம் வீட்டை விட்டு ஒரு காப்பகத்தில் இருந்து, 2018-ல் அப்பாவிடம் வந்து சேர்ந்தான். 2023-ல் ஒரு டி.வி. ஆவணப்படத்தில் தன் சிறுவயதைப் பற்றிக் கசப்பாகப் பேசினான், அம்மா அதற்குப் பதில் சொன்னார், உடன்பிறந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம். உடனே மறுபடி இரண்டு கட்சி. நான் இந்தத் தடவை எந்தக் கட்சியிலும் இல்லை. அந்த வீட்டுக்குள் நடந்தது எனக்குத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேனே, இருபது நிமிஷத்துக்கு வெட்டி ஒட்டிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும்.

பார்க்கிறவர்கள் வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். யூட்டா மாநிலத்தில் ரூபி ஃபிராங்கி என்ற அம்மா ஆறு பிள்ளைகளோடு யூடியூப் சேனல் நடத்தினார், இருபது லட்சம் பேருக்கு மேல் சந்தாதாரர்கள். மகனுக்குத் தண்டனையாக ஏழு மாதம் படுக்கையறை கிடையாது, பீன் பேக்கில் தூங்குகிறான் என்று 2020-ல் ஒரு வீடியோவில் வந்தது. பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை, குழந்தைகள் நலத் துறைக்குப் புகார் செய்தார்கள், கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2023 ஆகஸ்டில் 12 வயது மகன் ஜன்னல் வழியாகத் தப்பிப் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பாடும் தண்ணீரும் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மறுவருஷம் பிப்ரவரியில் பிள்ளைகளை வதைத்த நான்கு குற்றங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 15 ஆண்டு வரை, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறை. அந்தப் பார்வையாளர்கள் கவனித்தது சரி. அவர்கள் அந்த அம்மாவின் உடையையோ சமையலையோ பார்க்கவில்லை, பிள்ளை எங்கே தூங்குகிறான் என்று பார்த்தார்கள். மூத்த மகள் ஷாரி 2024 அக்டோபரில் யூட்டா சட்டமன்றக் குழு முன்னால் போய், குடும்பத்தை வீடியோ எடுத்துப் போடும் தொழிலில் நியாயமான வழி என்று ஒன்று கிடையாது என்கிற பொருளில் பேசினார். இப்போது அங்கே பல மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. இல்லினாய்ஸில் 2024 ஜூலை முதல், வீடியோவில் வரும் பிள்ளைக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்க வேண்டும். அது ஒரு பள்ளிக்கூடப் பெண் தன் பகுதி செனட்டருக்கு எழுதிய கடிதத்தில் ஆரம்பித்தது. மின்னசோட்டாவில் 2025 ஜூலையிலிருந்து 14 வயதுக்குக் கீழே இந்த வேலையே கூடாது.

நம் ஊருக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன், அவர்கள் சேனல் வைத்திருக்கிறார்கள், ஓரளவு வருமானம் வருகிறது. மகளுக்கு ஐந்து வயது. புது சைக்கிள் வாங்கி மாடிப்படிக்குக் கீழே துணி போட்டு மறைத்து வைத்திருந்தார்கள். குழந்தை துணியை இழுத்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், அப்புறம் மெதுவாகப் போய் மணியைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு அழகு. ஆனால் யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள், வீடியோ சரியாக வரவில்லை. ‘செல்லம், வெளிய போய்ட்டு மறுபடி வா, இப்ப சத்தமா அய்யோ சைக்கிளான்னு சொல்லணும்’ என்றார்கள். மூன்று தடவை எடுத்தார்கள். முதல் தடவை அவள் சைக்கிளைப் பார்த்தாள், மூன்றாவது தடவை மொபைலைப் பார்த்தாள். பெற்றவர்கள் நல்லவர்கள், அதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை மேல் உயிராக இருக்கிறார்கள். உங்கள் கட்டுரைக்கு வந்த ஏழு கடிதத்தின் கணக்குப்படி பார்த்தால் அந்த அம்மாவுக்கு முழு மார்க்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது, ஆசிரியரே. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகளில் குழந்தைக் கலைஞர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும், வயது வந்ததும் அவர்கள் கைக்குப் போக வேண்டும். எல்லாம் நல்ல விதிதான். ஆனால் தயாரிப்பாளர் என்று ஒருத்தர், படப்பிடிப்புத் தளம் என்று ஓர் இடம் இருப்பதாக நினைத்து எழுதியது. அம்மாவே தயாரிப்பாளர், சமையலறையே தளம் என்றால்? பென்சில்வேனியாவில் அன்றைக்கு ‘நடிக்கவில்லை, வாழ்கிறார்கள்’ என்றார்களே, அதே ஓட்டை இங்கேயும் இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாளா, அதட்டுகிறாளா என்பதை விட்டுவிட்டு, நன்றாக ஓடுகிற நம் குடும்பச் சேனல்கள் நடத்துகிறவர்களிடமே போய்க் கேளுங்கள்: பிள்ளை பெயரில் கணக்கு இருக்கிறதா, ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் எடுக்கிறீர்கள், பிள்ளை இன்றைக்கு வேண்டாம் என்றால் அன்றைக்கு வீடியோ கிடையாதா? தொழிலாளர் துறை அதிகாரிகளையும் கேளுங்கள். அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே போடுங்கள். வாசகர்கள் நாங்கள் அதைப் பற்றிக் கடிதம் எழுதுகிறோம்.

இன்னொன்று. அந்த எட்டுப் பேரின் பெயரையும் இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன், மூத்தவர்கள் இரண்டு, அப்புறம் ஆறு. என் சொந்த அத்தை பேரப்பிள்ளைகள் பெயர்கூட எனக்கு இப்படி வராது. இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே ஒரு பெயரையும் எழுதவில்லை. இதைப் பிரசுரித்தால், தயவுசெய்து பக்கத்தில் அவர்கள் சிறுவயதுப் படம் எதையும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி